மிதிபட்ட பார்லி

இந்தக் காலத்தில் எவனும் தன் தப்பைத் தானே சுமப்பதில்லை. மாட்டுக்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் உண்டு; சாணி போட்ட இடத்தை விட்டுத் தள்ளிப் படுக்கும். மனுஷனுக்கு அதுவும் இல்லை. ஜேபஸ் பிளக்ரோஸ் இப்படி நினைத்துப் பல்லைக் கடித்தது, முதலாளி டார்ட்னலின் விரல் தன்னை நோக்கி நீண்டபோது.

ஸ்டோர்ட்ஃபோர்டில், ஆற்றை ஒட்டிய முளைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பீருக்குப் பார்லி முளைகட்டுகிறவர் ஜேபஸ். ஊறிய பார்லியைத் தொட்டியிலிருந்து வாரி மரச்சட்டத்துக்குள் கொட்டிவைக்க வேண்டும். வரி அதிகாரி வந்து குவியலின் உயரம் அளப்பார். அந்த அளவுக்குத்தான் ராஜாவுக்கு வரி. மேலே ஏறி மிதித்தால் குவியல் அமுங்கும், வரியும் அமுங்கும். ஆனால் பார்லிக்கு மூச்சு முட்டும். நசுங்கியது முளைக்காது, பூசணம்தான் பூக்கும்.

அன்று காலை அதிகாரி கிரிம்வேட் குவியலில் கையை விட்டார். விரல்கூட இறங்கவில்லை. முழுவதையும் வெளியே வாரித் திரும்பக் கொட்டச் சொன்னார். ஜேபஸ் கொட்டி முடித்தபோது குவியல் நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது.

“யாரு மிதிச்சது?”

“இந்தக் கிழவன்தாங்க,” என்று விரலை நீட்டினார் டார்ட்னல். “எனக்கு நல்லது பண்றதா நெனைச்சுக்கிட்டான். எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சட்டப்படி, முதலாளிக்குத் தெரியாமல் நடந்திருந்தால் முதலாளி தப்பலாம், வேலையாளுக்குச் சிறை.

“உங்களுக்கு நல்லது பண்ண எனக்கென்ன கிறுக்கா முதலாளி?”

டார்ட்னல் காதருகே குனிந்தார். “மூணே மாசம்தான்யா. ஒத்துக்க. உன் பொஞ்சாதிக்கு ரொட்டியும் நிலக்கரியும் நான் அனுப்பிவைக்கிறேன்.”

“அவ செத்து நாலு வருஷமாச்சு. அடக்கத்துக்கு வந்து மூக்கு முட்ட பீர் குடிச்சிட்டுப் போனீங்களே, மறந்துபோச்சா?” என்று கூடமே அதிரக் கத்தினார் ஜேபஸ்.

“கத்தாதே. நீ மிதிக்கலேன்னா எப்படி நம்புறது?” என்றார் கிரிம்வேட்.

ஜேபஸ் குனிந்து, சிதறிக் கிடந்த மணிகளில் ஒரு பிடி பொறுக்கி நீட்டினார். பாதி மணிகள் கிழிந்து பால் கசிந்திருந்தன.

“நான் இதுமேல வெறுங்காலோடதான் நடப்பேன். ஊரையே கேளுங்க. வெறுங்கால் பட்டா மணி இப்படிக் கிழியாது. இது ஆணி அடிச்ச பூட்ஸு. இவரைக் கழட்டச் சொல்லுங்க.”

“இவன் சொல்லி நான் கழட்டணுமா?” என்று சிரித்தார் டார்ட்னல்.

“நான் சொல்றேன். கழட்டுங்க,” என்றார் கிரிம்வேட்.

கழட்டிய பூட்ஸின் அடியில், ஆணிகளுக்கு நடுவே பார்லி அப்பியிருந்தது. ஒரு மணியில் வெள்ளையாக வேர் எட்டிப்பார்த்தது.

“பரவாயில்லையே, உங்க காலடியிலயும் ஒண்ணு முளைச்சிருக்கு,” என்றார் ஜேபஸ்.

கிரிம்வேட் குறித்துக்கொண்டார். “உன்மேல குத்தமில்லப்பா. சட்டம் நல்லவனைக் கைவிடாது.”

“சட்டமா? நான் குனிஞ்சு பொறுக்கலேன்னா இந்நேரம் என்னை வண்டியில ஏத்தியிருப்பீங்க.”

டார்ட்னல் ஒற்றைப் பூட்ஸோடு நொண்டிக்கொண்டே வந்தார். “கோவிச்சுக்காதே ஜேபஸ். புத்தி கெட்டுப்போச்சு. பைபிள்மேல சத்தியமா இனிமே இப்படி நடக்காது. நாளைக்குப் பார்லியைத் தரையில பரப்பணும். நீ இல்லாம யாரு செய்வா?”

“உங்களுக்குத்தான் காலு இருக்கே. நீங்களே செய்ங்க.”

மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே நடந்தார். பின்னாலிருந்து முதலாளி மறுபடியும் சத்தியம் செய்தார். அதிகாரியும் ஏதோ ஆறுதல் சொன்னார். ஜேபஸ் காறித் துப்பினார். இரண்டில் ஒன்றைக்கூட அவர் நம்பவில்லை.