பரீட்சைக் கோழி

ஓர்லா மெக்கென்னாவின் முதல் கோழியைக் காக்கைகள் தூக்கிக்கொண்டு போயின. விடுதியின் நாலாவது மாடி பால்கனியில், வாளித் தண்ணீரில் அதை ஊறப் போட்டிருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் வாளி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கோழியில் ஒரு கால் மட்டும் இருக்கிறது. எதிர்க்கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்து, அயர்லாந்தின் மோனஹன் பக்கத்துக் கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் சொல்லி முடித்தாள். அவை போலந்துக் காக்கைகள். ஒன்றும் அசரவில்லை.

கோழி போனது பெரிதல்ல. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் கால்நடை மருத்துவப் படிப்பே போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அறைக்குள் நுழையவே ஒரு சீட்டு உண்டு: மாணவர் தன் கையால் வேகவைத்து, சுத்தம் செய்து, ஒட்டி நிறுத்திய ஒரு பறவையின் எலும்புக்கூடு. அது இல்லாமல் வருகிறவர்களைப் பேராசிரியர் ஸவாட்ஸ்கி கதவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

கூடப் படிக்கிற நார்வேக்காரன் ஸிண்ட்ரெ இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. அப்பா கால்நடை மருத்துவர், தாத்தா கால்நடை மருத்துவர். நாலாம் வருஷத்து ஆள் ஒருவனிடம் ஏற்கெனவே ஒட்டி நிறுத்திய கோழி எலும்புக்கூடு ஒன்றை வாங்கி அலமாரி மேல் நிறுத்திவிட்டான்.

"நீயும் ஒண்ணு வாங்கிடேன் ஓர்லா. எதுக்கு இந்த நாத்தம்?"

"எங்கம்மா முட்டைப் பண்ணையில கோழி பிடிக்கிறவ. யாரோ ஒட்டுன கோழியைக் காசு குடுத்து வாங்கி நான்தான் செஞ்சேன்னு சொன்னா, அவ சிரிச்சே செத்துருவா. போடா அந்தப் பக்கம்."

சிரிப்பது இருக்கட்டும். அந்த அம்மா பண்ணைக் கொட்டகை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், என் மகள் டாக்டராக வருவாள் என்று. ஓர்லாவின் வீட்டில் பள்ளிக்கூடத்தையே முழுதாக முடித்தவர்கள் கிடையாது. தேர்வில் தோற்றால் ஓர்லா திரும்பிப் போக வேண்டிய இடமும் அதே கொட்டகைதான். அங்கே அவளுக்காக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இன்னமும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். வாசலிலேயே பச்சை முக்காடு போட்ட ஒரு கிழவி, "என் முற்றத்துல ஓடியாடித் திரிஞ்ச கோழிம்மா, மண்ணைக் கிளறிப் புழு தின்னது" என்று சத்தியம் செய்து ஒன்றை விற்றாள். இந்த நாட்டில் கிராமத்துக் கோழி என்றால் மந்திரிகூட வரிசையில் நிற்பார். ஓர்லாவுக்கு அது ஓடியதா பறந்ததா என்பதில் அக்கறை இல்லை. எலும்பு இருந்தால் சரி.

ஞாயிறு காலை விடுதிச் சமையலறையில் பெரிய பானையில் கோழியைப் போட்டு, சிறு தீயில் வைத்தாள். தளதளவென்று கொதித்தால் மெல்லிய எலும்புகள் பிய்ந்துவிடும். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பசை வாங்கவில்லை. போலந்தில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. சட்டம். நாலு பெட்ரோல் பங்க் ஏறி இறங்கினாள். முதல் மூன்றிலும் ஹாட்டாக் இருந்தது, கார் வாசனைத் திரவம் இருந்தது, பசை இல்லை. நாலாவதில், ஊரின் மறுகோடியில், ஒரே ஒரு குழாய் இருந்தது. திரும்பி வந்து நாலு மாடி ஏறும்போது இரண்டரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது.

மாடிப்படியிலேயே வாசனை வந்தது. கோழி எலும்பு வேகிற நாற்றம் இல்லை இது. வாய் ஊற வைக்கிற வாசனை. ஓர்லா மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

சமையலறை மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய அறைத்தோழி கிங்கா இருந்தாள். ஸிண்ட்ரெ இருந்தான். மேஜையின் ஒரு முனையில், கவசம் போல ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் அகப்பையோடு கிங்காவின் அம்மா பானி ஹலினா நின்றாள்; பானி என்றால் அங்கே திருமதி. காலைப் பேருந்தில், பை நிறைய ஊறுகாய் பாட்டில்களோடு சொல்லாமல் வந்து இறங்கியிருக்கிறாள்.

"வந்துட்டியா கண்ணு! உக்காரு, உக்காரு. ஆறிடும்."

"பானி ஹலினா... என் பானை?"

"அதை ஏன் கேக்கிற? தண்ணியில ஒத்தக் கோழி, உப்பில்ல, கேரட் இல்ல, ஒரு வெங்காயம்கூட இல்ல. ஆஸ்பத்திரியிலகூட இப்படி வைக்க மாட்டாங்க. ஆனா தீயைச் சின்னதா வச்சிருந்தியே, அதைப் பாத்ததும் சொன்னேன், இந்தப் பொண்ணுக்குக் கைப்பக்குவம் இருக்கு, சொல்லித்தரத்தான் ஆளில்லன்னு."

"கிங்கா! நீ பாத்துக்கிட்டா இருந்தே?"

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை சூப் வையி, சூப் வையின்னு கத்துறேன். ஒரு வழியா திருந்திட்டேன்னு நெனச்சேன்டி!"

சட்டம் படிக்கிறவளுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஸிண்ட்ரெ? ஓர்லா அவன் பக்கம் திரும்பினாள். அவன் விரலில் எண்ணெய் மினுக்க, கவட்டை எலும்பின் ஒரு பாதியைப் பிடித்திருந்தான். மறுபாதி கிங்கா கையில்.

"இழுத்துப் பாத்தோம்," என்றான். "பெரிய துண்டு யாருக்கு வருதோ அவங்க வேண்டுனது பலிக்கும். எனக்குத்தான் வந்துச்சு. நாளைக்குப் பாஸ் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"டேய், அது என்னோட பரீட்சைடா!"

கரண்டிகள் நின்றன. ஓர்லா ஆங்கிலத்தில் கத்தியதைக் கிங்கா போலிஷில் சொன்னதும் பானி ஹலினா தன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, சும்மா சொல்லக் கூடாது, பட்டாளத்து ஹவில்தார் மாதிரி ஆகிவிட்டாள்.

"யாரும் எந்திரிக்கக் கூடாது! வாயில இருக்கறதை எடுத்துத் தட்டுல வைங்க! ஏய் தாடி, நீ மெல்லுறதையும்தான்!"

எலும்புகள் வந்து குவிந்தன. ஓர்லா எண்ணிப் பார்த்தாள். தொடையெலும்பு நாலு.

"ஒரு கோழிக்கு எப்படி நாலு தொடை?"

பானி ஹலினா முதல் தடவையாகக் கொஞ்சம் நெளிந்தாள். "அந்தக் கோழியில சத்தே இல்ல கண்ணு. சூப்புல நிறமே ஏறல. அதான் நான் கொண்டுவந்த வாத்தையும் போட்டேன்."

ஓர்லாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை நன்றாக வேலை செய்யும். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தில் மூன்று மாதமாக மனப்பாடம் செய்து மறந்ததெல்லாம், இப்போது கொழுப்பு வடிய விரலுக்கடியில் கிடந்தது. குட்டையாக, தடியாக இருந்தால் வாத்தின் தொடை. நீளமாக இருந்தால் கோழி. எடுத்து, துடைத்து, இடது வலது பார்த்து, ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் வாத்து என்று பிரித்தாள். ஒன்பது பேரும் சீட்டாட்டம் பார்ப்பது போலச் சுற்றி நின்றார்கள்.

"இது யார் தட்டு?"

"என்னுது," என்றான் தாடி வைத்த பக்கத்து அறைப் பையன்.

"வலது இறக்கை. இதோட ஜோடி எங்கே?"

ஜோடி குப்பைத் தொட்டியில் இருந்தது. தாடியே கையை விட்டு எடுத்தான். பானி ஹலினா ஒவ்வொரு எலும்பையும் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்துக் கொடுத்தாள், நடுநடுவே மகளைத் திட்டினாள், ஓர்லாவின் வாயில் கேரட்டை ஊட்டினாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோழி மறுபடி இரண்டு காலில் நின்றது.

*

திங்கள் காலை தேர்வறைக்கு முதலில் போனவன் ஸிண்ட்ரெ. கதவு பாதி திறந்திருந்தது. பேராசிரியர் ஸவாட்ஸ்கி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் கொண்டுவந்த எலும்புக்கூட்டைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வணக்கம் அம்மணி! சௌக்கியமா?" என்றார், கோழியிடம். பிறகு ஸிண்ட்ரெயிடம், "இடது கால் நகத்துக்கு மேல ஒரு பச்சை மைப் புள்ளி இருக்கு பாருங்க. நான் வச்சதுதான். இந்தம்மா என் பரீட்சையில அஞ்சு தடவை பாஸ் பண்ணிட்டாங்க. ஆறாவது தடவை தேவையில்ல. நீங்க அடுத்த மாசம் வேற கோழியோட வாங்க."

ஸிண்ட்ரெ கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு அடுத்த மாசம் இருந்தது. ஓர்லாவுக்கு இல்லை.

பேராசிரியர் ஓர்லாவின் கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தார்.

"பிரிஞ்சி இலை வாசம் வருது."

"ஞாயித்துக்கிழமை சூப், புரொபசர்."

"எலும்பு பொன் நிறமா இருக்கே. வெங்காயத்தைச் சுட்டுப் போட்டீங்களா?"

"நான் போடல. ரூம்மேட்டோட அம்மா."

"விவரமானவங்க." அவர் குச்சியால் கழுத்தடியைத் தொட்டார். "கவட்டை எலும்பு ஒட்டியிருக்கே?"

"அது செத்தப்புறம் உடைஞ்சது. ரெண்டு பேர் வேண்டிக்கிட்டு இழுத்தாங்க."

"வேண்டுதல் பலிச்சுதா?"

"இப்பதான் அவனை வெளியே அனுப்புனீங்க."

அவர் உதடு லேசாகத் துடித்தது. குச்சி மார்பெலும்பில் போய் நின்றது. கப்பலின் அடிப்பாகம் போல நேராக இருக்க வேண்டிய அந்த எலும்பு, நடுவில் கோணிக் கிடந்தது. முகம் இறுகிவிட்டது.

"இதையும் இழுத்தாங்களோ? பானையில வளைச்சு, உடைச்சு, ஒட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. உடைஞ்ச வேலையை நான் ஏத்துக்கறதில்ல. போகலாம்."

ஓர்லா போகவில்லை.

"தொட்டுப் பாருங்க," என்றாள்.

"என்ன?"

"குச்சியால இல்ல, விரலால. பசை இருக்கா? இல்ல. முண்டு தட்டுதா? தட்டும். உயிரோட இருக்கும்போது உடைஞ்சு, அதுவா கூடுன எலும்பு இது. கூண்டுல அடைச்ச முட்டைக் கோழி, புரொபசர். உடம்புல இருக்கற சுண்ணாம்பெல்லாம் முட்டை ஓட்டுக்குப் போயிரும். கம்பியில ஒரு இடி இடிச்சாப் போதும், உடைஞ்சுரும். யாரும் பாக்க மாட்டாங்க, முட்டை வந்தாச் சரி. எங்கம்மா பதினெட்டு வருஷமா இதுங்களைப் பிடிச்சு லாரியில ஏத்துறா. அவ கையைக் கேட்டா இருட்டுலகூடச் சொல்லும். எனக்குப் பத்து வயசுலயே சொல்லிக்குடுத்தா. உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் உடைக்கல."

மூச்சு வாங்கியது. போச்சு என்று நினைத்தாள். பேராசிரியர் விரலை வைத்தார். ஒரு தடவை தடவினார், இன்னொரு தடவை தடவினார். பிறகு கேட்ட கேள்வி தேர்வில் இல்லாத கேள்வி.

"இந்தக் கோழியை எங்கே வாங்குனீங்க?"

"சந்தையில. வாசல்ல உக்கார்ந்திருக்கற அம்மாகிட்ட."

"பச்சை முக்காடு?"

"ஆமா."

"மூக்குல ஒரு மரு?"

"ஆமா."

"முற்றத்துல ஓடுன கோழின்னு சொன்னாங்களா?"

"மண்ணைக் கிளறிப் புழு தின்னதுன்னும் சொன்னாங்க."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷம்," என்றார், யாரிடமோ. "பதினோரு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும். நான் பறவை எலும்புல ஆராய்ச்சி செஞ்சவன். சூப்புல மார்பெலும்பு கோணலா வரும்போதெல்லாம், 'நீதான் வெட்டும்போது உடைச்சிட்டே'ன்னு என் பொண்டாட்டியைத் திட்டியிருக்கேன்."

அதன் பிறகு அரை மணி நேரம் எலும்பு எலும்பாகக் கேட்டார். ஓர்லா ஒன்றையும் விடவில்லை. எது யார் தட்டில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள். கடைசியில் அவர் இடுக்கியை எடுத்து, கழுத்தெலும்பின் துளையிலிருந்து ஒரு சேமியாவை உருவி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு அரை மார்க் குறைக்கிறேன். மூன்றரை."

ஐந்துக்கு மூன்று எடுத்தாலே தேர்ச்சி. கோழியைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போன ஓர்லாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"உயிரோட இருக்கற கோழியில தடவிக் கண்டுபிடிக்க முடியுமா?"

"இறகை விலக்கி விரலை ஓட்டினாத் தெரியும்."

"சனிக்கிழமை காலையில உங்களுக்கு வகுப்பு ஏதாவது இருக்கா?"

"அந்தம்மாகிட்ட சண்டை போடணும்னா," என்றாள் ஓர்லா, "வகுப்பு இருந்தாலும் வர்றேன்."