மேலே மாட்டிய பலகை

எங்கள் மலைமேல் இருக்கும் மாதா கோயிலின் குவிமாடம் வட்டமில்லை. முட்டையை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் நீண்டிருக்கும். அதன் அடியில் சுற்றிவரும் மாடத்தில்தான், வரம் பெற்றவர்கள் நடந்ததைச் சின்னப் பலகையில் வரையச் சொல்லி மாட்டுவார்கள். பலகையில் பொய் மட்டும் கூடாது, கண்ணுகளா. நடந்ததை நடந்தபடி வரையாவிட்டால் மாதா வரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

எர்சிலியாவும் டெல்பீனாவும் முப்பது வருஷமாக செப்டம்பர் திருவிழாவுக்குச் சேர்ந்தேதான் ஏறினார்கள். எர்சிலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கப்பல் சீட்டு அனுப்புறேன், வந்துடு" என்று சொல்லி அர்ஜெண்டினா போன அன்செல்மோ ஒரு வரிகூட எழுதவில்லை என்றே நினைத்திருந்தாள். அவனை மன்னிக்கச் சொல்லி வருஷா வருஷம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பக்கத்தில் நிற்பவள் டெல்பீனா, தபால்காரர் மகள்.

அந்த வருஷம் குவிமாடம் ஒழுகியதால் பலகைகளை இறக்கி, பீடத்துக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"வாடி, ஏத்திட்டு சாப்பிடப் போலாம். முழங்கால் விண்ணுவிண்ணுனு தெறிக்குது" என்றாள் டெல்பீனா.

"இரு கிழவி. கழுதை உதைச்சவன், கிணத்துல விழுந்தவன்... பாத்துட்டு வரேன்."

நாலாவது பலகையில் எர்சிலியாவின் சிரிப்பு நின்றுபோனது. ஒரு சமையலறை. ஜன்னலுக்கு வெளியே நீலக் கதவு, அத்திமரம். அடுப்பில் மூன்று உறைகள் எரிகின்றன. அருகில் ஏப்ரன் கட்டிய பெண். மேகத்தில் மாதா. அடியில், 'என் தோழி போகவில்லை. நன்றி. டெ., 1930.'

"இது என் வீட்டுக் கதவுடி."

டெல்பீனா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மேல... ரொம்ப மேல மாட்டச் சொன்னேன். யார் கண்ணுலயும் படாதுன்னு."

"மூணு கடிதமா?"

"நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருந்தா? அம்மாவும் செத்துட்டா..."

"அவன் என்ன எழுதியிருந்தான்?"

"தெரியாதுடி."

"பொய் சொல்லாத!"

"மாதா மேல சத்தியமா, பிரிக்கவே இல்ல. அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கிறது பாவமாச்சே."

எர்சிலியா கையிலிருந்த மெழுகுவர்த்தியை அவள் மடியில் வைத்தாள்.

"இத்தனை வருஷம் தப்பான ஆளுக்கு ஏத்திருக்கேன். இனிமே நீயே ஏத்திக்க."

வாசலில் கோயில்காரரை நிறுத்தினாள்.

"ஐயா, அந்த நாலாவது பலகையை மறுபடி மேல ஏத்திடாதீங்க. கண்ணுக்கு நேரா மாட்டுங்க."

"ஏம்மா, உங்களோடதா?"

"ஆமா," என்றாள் எர்சிலியா. "என்னைப் பத்தினதுதான்."

படி இறங்கும்போது டெல்பீனா எப்போதும் அவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். பின்னால் "எர்சிலியா, கை குடுடி" என்று குரல் கேட்டது. எர்சிலியா திரும்பாமல் முதல் படியில் கால் வைத்தாள்.