பள்ளிக் கிணற்றின் சீட்டு

தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால், பள்ளியை ஒட்டிய பெட்ரோல் பங்கின் முதலாளி எதிரில், நீர் ஆய்வாளர் ஜன்னலோரம், எழுத்தரான நான் கதவருகில் அமர்ந்திருந்தோம். புகார் சொல்ல வந்த தாய்க்கு நாற்காலி போடவில்லை.

"கிணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குது சார். என் பொண்ணு தினமும் வாந்தி எடுக்குறா."

"மூக்கை டாக்டர்கிட்ட காட்டும்மா," என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தோம். அவள் வெளியே போய்விட்டாள்.

மோட்டார் அறைச் சாவி கிடைக்காததால், ஆய்வாளர் ஆசிரியர் அறைக் கேன் தண்ணீரைத்தான் சோதனைக்குப் பிடித்திருந்தார். அந்தப் புட்டியில் 'பள்ளிக் கிணறு' என்று சீட்டு ஒட்டியவன் நான்.

"தண்ணி சுத்தம்னு மேலிடத்துக்கு எழுதுங்க," என்றார் தலைமையாசிரியை. "பிள்ளைங்க எப்பவும்போல கிணத்துக் குழாயிலயே குடிக்கட்டும்."

அதை மட்டும் பிழையில்லாமல் எழுதி உறையை ஒட்டினேன். வாசலில் அழுதுகொண்டிருந்த அந்தத் தாயிடம் கொடுத்தேன்.

"உன் புகாரையும் சேர்த்திருக்கேன். போற வழியில தபால்பெட்டியில போட்டுடும்மா."

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்று கும்பிட்டுவிட்டு, அவளே கொண்டுபோய்ப் போட்டாள்.