கத்தக் கூடாத வளைவு

விடியுமுன்பே இருபது வாழைத்தார்களைத் தலைக்கு மேல் ஓடும் கம்பியின் உருளைக் கொக்கிகளில் மாட்டிவிடுவேன். அந்த வரிசையோடு பிணைத்த பட்டையை இடுப்பில் கட்டி மாடு மாதிரி இழுக்க வேண்டும். உருள ஆரம்பித்தால் லேசில் நிற்காது. பாதை குறுக்கிடும் வளைவில் எதிரே வருகிறவரை இலைகள் மறைத்துவிடும். அதனால் அங்கே தொண்டை கிழியக் கத்துவோம்: "வருது, ஒதுங்கு." மச்சாலா ஊர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் அதுதான் வழக்கம்.

போன மாதம் தோட்டத்தை நடத்தும் இன்ஜினியர் அதை நிறுத்தினார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும்போது கத்துவது அநாகரிகமாம். இனி எச்சரிக்கையெல்லாம் செல்போன் குழுவில்தானாம். செல்போனையோ காலையிலேயே வாசலில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். இந்தப் புத்தியை எந்தச் சந்தையில் வாங்கினார்களோ.

"கத்தினா வேலை போயிடும்" என்று வந்து சொன்னவன் க்ளெவர். எங்களோடு ஆறு வருஷம் தார் இழுத்தவன். எங்களுக்காகப் பேசச் சொல்லி நாங்கள்தான் அவனை ஆபீசுக்கு அனுப்பினோம். மேஸ்திரியாகத் திரும்பி வந்தான்.

செவ்வாயன்று வாயை மூடிக்கொண்டு வளைவில் திரும்பினேன். எங்களோடு வேலை பார்க்கும் ஹோல்கெர் உரமூட்டையோடு குறுக்கே வந்தான். தார்கள் மோதி அவன் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் பழம் கழுவும் கொட்டகைக்கு க்ளெவர் ஒரு தாளோடு வந்தான்.

"நேத்து ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கே ஆபீஸ்லேருந்து போன்ல எச்சரிக்கை அனுப்பியாச்சு. ஹோல்கெர் பாக்கலை. அவன் கவனக்குறைவுதான்னு எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டால் ஹோல்கெருக்குக் கம்பெனி செலவில் வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை.

"அவரு போன் உன் பெட்டியிலதானே கெடந்துச்சு?" என்று கேட்டாள் யாதிரா. ஹோல்கெரின் மனைவி, அங்கே பழம் கழுவுகிறவள்.

"இன்ஜினியர் சொன்னதைச் செய்றேன், அவ்வளவுதான்."

"ஆமா, உன் கல்யாணத்துக்கு இன்ஜினியர்தான் வந்து விருந்துக்குப் பன்னி சுட்டாரு. என் புருஷன் இல்ல."

க்ளெவர் அவளைப் பார்க்காமல் பேனாவை என்னிடம் நீட்டினான். "நீதான் இழுத்தே. முதல்ல நீ போடு. இல்லேன்னா பழி உன் மேலதான் விழும்."

 வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"விழட்டும். இழுத்தது நான். கத்தாதேன்னு சொன்னது நீ. ரெண்டையும் எழுதிக் கொண்டா, போடறேன்."

யாதிரா தண்ணீர்க் குழாயை மூடினாள். ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றினார்கள். நாலு மணிக்குத் துறைமுகத்துக்கு லாரி கிளம்ப வேண்டும். பாதிப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன.

"இன்ஜினியர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" க்ளெவரின் குரல் இறங்கிவிட்டது.

"இங்க வரச்சொல்லு. மூஞ்சிக்கு நேரா பேசட்டும்" என்றாள் யாதிரா.

அவன் ஆபீசைப் பார்த்து ஓடினான். நாளை யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. கொட்டகையில் இருந்த அறுபது பேரும் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காத யாதிரா, நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.