நடுவில் ஒரு புள்ளி

பழைய வீடியோ கேம் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர், விருந்தாளிகள் முன்னிலையில் ஒரு பழைய கேம் மெஷினின் சுவிட்சைப் போட்டார். திரை இருண்டே கிடந்தது. பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"அத்தான், வெளிச்சத்தக் கூட்டிடாதீங்க!" என்று பதறினான் ரிப்பேர் பார்க்கும் அவர் மைத்துனன். "இது டிவி மாதிரி இல்ல. ஒரே கதிர் ஓடி ஓடிக் கோடு போடுது. அத ஓட்டுற சர்க்யூட் செத்துப்போச்சு, அதான் சிவப்பு விளக்கு. கதிர் ஒரே இடத்துல நின்னா திரையோட உள்பூச்சு கருகிடும். வேற படக்குழாய் கிடைக்கவே கிடைக்காது."

"எனக்கேவா பாடம் எடுக்குற மாப்ளே?" என்று தலைவர் வெளிச்சம் கூட்டும் குமிழைத் திருகினார். திரை நடுவில் ஒரு புள்ளி பளீரென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அன்பர்களே, இந்தப் புள்ளியிலிருந்துதான் யாவும் பிறக்கின்றன..."

கரண்ட் ஒயரைப் பிடுங்க, மைத்துனன் கூட்டத்தின் கால்களுக்கிடையே தவழ்ந்தான். சங்கத்தின் பொருளாளர் அந்த ஒயரை மிதித்தபடி நின்றார்.

"காலை எடுங்க சார்!"

"ஷ்ஷ்! தலைவர் பேசுறாரு."

அவரைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கினான். கண்ணாடிக்குள் கடுகளவு கருப்பு விழுந்திருந்தது.

தலைவருக்கு முகம் வெளுத்தது. ஒரு நொடிதான்.

"இப்படி ஒரு தழும்பு உலகத்திலேயே இந்த ஒரு திரையில்தான் இருக்கிறது," என்றார். "தொடாமல், வரிசையாக வந்து பாருங்கள்."

பொருளாளர்தான் வரிசையில் முதலில் நின்றார்.