மூஸாவுக்குப் போட்ட இலை

சீனாவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்ளப் பழக, மன்னார்குடியில் ஒருத்தி உட்கார்ந்து பாடம் எழுதித் தருகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அக்னஸின் கூடப்பிறந்த அண்ணனே நம்பவில்லை. "சீனாக்காரன் போன்லேர்ந்து பொம்மை வரைக்கும் அவனே செஞ்சுக்குறான், இங்கிலீஷுக்கு மட்டும் உன்கிட்ட வந்தானா?" என்று போனில் சிரித்தார். வந்தான்தான். சிங்கப்பூரில் இருந்த ஒரு பயிற்சிப் புத்தகக் கம்பெனி மூலமாக வந்தான்.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு பக்கத்துக்கு ஒரு சின்னக் கதை. அதன் கீழே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அதில் ஒன்றே சரி. அந்தச் சரியான விடை கதைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் முதல் சட்டம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதியதை முதலில் சீனாவில் ஏதாவது ஒரு பள்ளிக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் தப்பாகப் போட்டுவிட்டால் எழுதியவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அக்னஸ் அந்தக் கும்பிடுக்குப் பயந்ததில் நியாயம் இருந்தது. இருபது வருஷம் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில், போன மார்ச் மாதம், பெற்றோர் கூட்டத்தில் கரஸ்பாண்டண்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் வகுப்பு மார்க்கை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்துவிட்டு, "வாங்குற சம்பளத்துக்கு இதுதானா டீச்சர்?" என்று அதே மைக்கில் கேட்டார். பெற்றோரில் சிலர் அவளிடம் படித்தவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிய வேண்டியவர் குனியவில்லை. மறுநாளே அவள் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க அந்தக் கரஸ்பாண்டண்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்று போன் செய்திருந்தார். மனசில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுப்பார் போலிருக்கிறது. ஆனால் கணவன் ஜோசப்ராஜ் பாமணி ஆற்றங்கரையில் குத்தகைக்குப் பயிர் செய்யும் நிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. சீனா கைவிட்டால் அந்த மைக்குக்கு முன்னால்தான் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் ஹென்றி. கம்பெனிக்காக விடைகளைச் சரிபார்க்கும் ஆங்கிலேயர்.

அக்னஸ் எழுதியிருந்த கதை இதுதான். தை மாதம், சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டும் மூஸா, மத்தியான வெயிலில் நிலத்துக்காரர் வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்கார அம்மா, "சாப்பிடுங்க" என்கிறாள். "இப்பதான் சாப்பிட்டேன்" என்கிறார் மூஸா. அவள் உள்ளே போய் ஓர் இலையைக் கொண்டுவந்து போடுகிறாள். மூஸா கை கழுவப் போகிறார். அத்தோடு கதை முடிந்தது. நான்காவது கேள்வி: அந்த அம்மா ஏன் இலை போட்டாள்? காதில் விழவில்லை என்பது முதல் விடை. அவர் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும் என்பது இரண்டாவது. மற்ற இரண்டும் ஒப்புக்குச் சேர்த்தவை. சரியான விடை இரண்டாவது என்று அக்னஸ் குறித்திருந்தாள்.

ஹென்றி எழுதியிருந்தார்: "சாப்பிட்டேன் என்று அந்த மனிதர் தெளிவாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று கதையில் எங்கே இருக்கிறது? எனக்கு முதல் விடைதான் பொருத்தமாகப் படுகிறது."

பொய்யா? அக்னஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தை மாதத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மெஷினோடு வந்த மூஸா, அவள் வீட்டுக் கூடத்தில் நிஜமாகவே சொன்ன வார்த்தை அது. சொல்லிவிட்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கூப்பிட்டவுடன் உட்கார்ந்துவிட்டால் பறக்கிற ஆள் என்று நினைப்பார்களே என்று மறுப்பது ஒரு மரியாதை. மறுத்தாலும் விடாமல் போடுவது இன்னொரு மரியாதை. இதைப் போய் யாராவது பொய் என்பார்களா?

கொஞ்சம் ஆறி யோசித்தபோதுதான் தன் தப்பு புரிந்தது. இதெல்லாம் கதையில் இல்லை. ஒரு வரி கூட இல்லை. எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சூரியன் கிழக்கே உதித்தது என்றா எழுதுவார்கள்? முகம் வாடியிருந்தது என்று நாலு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். ஆனால் கதை ஏற்கனவே சீனாவுக்குப் போய்விட்டது. பள்ளிக்குப் போனதைத் திருத்த முடியாது, முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்று எடிட்டர் மெய்லின் எழுதியிருந்தாள்.

ஆறுதலுக்காகப் பக்கத்து வீட்டு நூர்ஜஹானிடம் கதையைத் தமிழில் சொல்லிக் கேள்வியைக் கேட்டாள்.

"பசிக்குதுன்னு தெரிஞ்சுதான் போட்டா. இதெல்லாம் ஒரு கேள்வியா அக்கா?" என்றாள் நூர்ஜஹான்.

"உனக்குத் தெரியும். சீனாவுல இருக்கற புள்ளைக்குத் தெரியணுமே!"

"ஏன், அங்க யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டாங்களா?"

அக்னஸ் வீட்டுக்குத் திரும்பினாள். சீனர்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அந்த வாரம் முழுக்க ரசத்தில் உப்பு இருந்தால் புளி இல்லை, புளி இருந்தால் உப்பு இல்லை. சாயங்காலங்களில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஜோசப்ராஜ் குறுவை நாற்றங்காலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அடுப்பை அணைத்தாள். மாதாவை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு மெயிலைத் திறந்தாள்.

கதை போனது தென்சீனாவில் நெல் விளையும் ஓர் ஊர்ப் பள்ளிக்கு. நான்காவது கேள்விக்கு வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இரண்டாவது விடையைத்தான் போட்டிருந்தார்கள். மற்ற கேள்விகளைவிட அதில்தான் தப்பு குறைவு. வகுப்பு ஆசிரியை ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்: "இந்தக் கேள்வியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் விருந்தாளி, சாப்பிட்டாயிற்று என்றுதான் சொல்வார். அதற்காகக் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுவோமா? அன்றைக்கு என்ன குழம்பு என்று ஒரு பையன் கேட்கச் சொன்னான்." கீழே ஹென்றியும் ஒரு வரி சேர்த்திருந்தார்: "ஒப்புக்கொள்கிறேன். இனி யார் வீட்டுக்குப் போனாலும் பசியோடு போகிறேன்." மெய்லின் அடுத்த புத்தகம் முழுவதையும் அக்னஸையே எழுதச் சொல்லியிருந்தாள்.

அப்பாடா! நெஞ்சிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து, இந்தத் தடவை குழாயைத் தேடாமல், வாய்விட்டு அழுதாள். சிரிப்பும் கூடவே வந்தது. முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

வயலிலிருந்து வந்த ஜோசப்ராஜ் சேற்றுக் காலோடு உள்ளே ஓடிவந்தான். "என்ன அக்னஸ்? போச்சா?"

"இல்லங்க. இருக்கு. நல்லாவே இருக்கு." மெயிலைத் தமிழில் படித்துக் காட்டினாள். அவன் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"விரால் மீன் குழம்புன்னு எழுதிப் போடு அந்தப் பையனுக்கு" என்றான்.

"போடறேன். மொதல்ல கரஸ்பாண்டண்டுக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

ஜோசப்ராஜ் கால் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது நான் புதன்கிழமையே சொல்லிட்டேன்."

"என்னது?"

"நீ வரமாட்டேன்னு."

"ரிசல்ட்டே இன்னிக்குத்தானே வருது?"

"வரட்டும், வராம போகட்டும். அந்த ஆள் முன்னாடி நீ திரும்பப் போய் நிக்கக் கூடாது. இன்னும் ரெண்டு மா நெலம் குத்தகைக்குக் கேட்டு வச்சிருக்கேன்."

அக்னஸுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "என் வேலையப் பத்தி எனக்கு முன்னாடி பேச உங்களை யாருங்க சொன்னது? சரி, சொன்னதுதான் சொன்னீங்க, அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! பொட்டுத் தூக்கமில்லாம கெடந்தேனே!"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்றான் அவன். "எனக்குக் கஷ்டம் வேணாம்னு உடனே அவருக்குப் போன் போட்டு, வரேன்னு சொல்லியிருப்ப."

அக்னஸ் எழுந்து அணைத்த அடுப்பைப் பற்றவைத்தாள். அப்படித்தான் சொல்லியிருப்பாள்.