சுழலாத சுழல்துப்பாக்கி

1

இந்தக் கதை ஒரு காலை உணவுச் சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானாவில், எங்கள் ஊர் சுடுதளத்தின் தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைப் போட்டி தொடங்குமுன் ஒரு கணவனும் மனைவியும் கறிக்குழம்பு ஊற்றிய, பிஸ்கட் என்று இங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியைத் தின்றபடி ஒரு துப்பாக்கிக்காக அடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்து மேஜையில் காபியை ஆறவிட்டு ஒட்டுக்கேட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மனைவி நடீன், கணவன் ராய்ஸ். சண்டையை மாற்றவில்லை.

“ஒரே ஒரு தடவ, ராய்ஸ். ஒரு தடவ சுட்டுட்டுக் குடுத்துடறேன்.”

“வேற எத வேணா கேளு. டிரக்க வேணாலும் எடுத்துக்கோ. அத மட்டும் கேக்காத.”

“ஒன் டிரக்க வச்சு நான் என்ன பண்றது? அடுத்த வருஷம் எனக்கு லைசென்ஸே தர மாட்டான்.”

2

என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “நடீனின் கண்களில் மெல்ல மெல்ல அந்தி இறங்கிக்கொண்டிருந்த அந்த”

வேண்டாம். நடீன் படித்தால் காறித் துப்புவாள். நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுடைய வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணும் அதே வழியில் போகிறது. பனிக்காலம் வரை ஓடலாம் என்று பில்லிங்ஸ் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். குழலின் நுனியில் நகக்கீற்றுபோல நிற்கும் குறிமுள் தெரியும்வரைதான் அவளால் சுட முடியும். அதற்குள் ராய்ஸின் அலமாரியில் இருக்கும் அந்த ஒன்றைச் சுட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

3

[இந்தப் பகுதியை வெட்டச் சொன்னார்கள். வெட்டமாட்டேன். இந்த ஊருக்கு வந்தபோது துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பழைய பாணி ரிவால்வர்தான் என்னைக் கவிழ்த்தது.]

இதில் விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு குண்டுக்கும், தோட்டாவைத் தட்டும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது நான்கு முறை ‘க்ளிக்’ என்று கேட்கும். அவசரக்காரனுக்கு இது ஒத்துவராது. சுழலும் சிலிண்டரில் ஆறு அறைகள், போடுவது ஐந்து தோட்டாதான். கை தவறி விழுந்தாலும் வெடிக்காதபடி சுத்தியல் எப்போதும் வெற்று அறையின்மேல்தான் படுத்திருக்க வேண்டும். இங்கே யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, நாம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோலத்தான்.

எந்த அளவுத் தோட்டா என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. ராய்ஸ் நாற்பத்தைந்து கட்சி. அவன் சுட்டால் குறியாக நிறுத்திய இரும்புத் தகடு அலறும், உதை தோள்வரை ஏறும். நடீன் முப்பத்திரண்டு-இருபது கட்சி. கழுத்து ஒடுங்கிய சின்னத் தோட்டா. வீட்டில் காலித் தோட்டாவில் வெடிமருந்து அடைக்கும்போது கொஞ்சம் அவசரப்பட்டாலும் கழுத்து நசுங்கிவிடும். ஆனால் உதையே இல்லை, நினைத்த இடத்தில் போய் உட்காரும்.

“கொசு அடிக்கக் கெளம்பிட்டியா?” என்பான் ராய்ஸ்.

“கொசுவ அடிக்கணும்னா குறி வேணும். மாட்டுக் கொட்டாய்க் கதவ அடிக்கத்தான் ஒன் பீரங்கி.”

இருவரும் சுடுவதைப் பார்க்கையில் எனக்குக் கை தட்டத்தான் தோன்றும்.

4

அலமாரியில் இருப்பது முப்பத்திரண்டு-இருபது. கல்யாணமான வருஷம், மூடப்போகிற ஒரு இரும்புக் கடையில், பிரிக்காத பெட்டியோடு ராய்ஸ் வாங்கியது. “ஒனக்குன்னுதான் வாங்கினேன்” என்பான். தொட விட்டதில்லை. ஏனென்றால் அது சுழலாதது. செய்த நாளிலிருந்து அதன் சிலிண்டர் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. சேகரிப்பவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

அதைக் கெடுப்பது மிகச் சுலபம். சுத்தியலைப் பாதி இழுத்து அப்படியே இறக்கிவிட்டால் போதும். அடியிலிருந்து சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் பூட்டுநாக்கு, அடுத்து சிலிண்டர் திரும்பும்போது, நீல மெருகில் சுற்றிலும் ஒரு கோடு கீறிவிடும். முழுதாக இழுத்த பிறகுதான் இறக்க வேண்டும். விவரம் தெரியாத விருந்தாளி செய்கிற முதல் காரியம் அந்தப் பாதி இழுப்புதான். வேறொரு ரிவால்வரில் அப்படிச் செய்ததற்காக ராய்ஸ் ஒரு பாதிரியாரையே வீட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறான்.

5

முடிவு ஒன்று: “ராய்ஸ் மாட்டுச் சந்தைக்குப் போன அன்று நடீன் அலமாரிச் சாவியை”

இல்லை. அவள் திருடமாட்டாள். அவன் கையால் கொடுக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கணக்கு.

முடிவு இரண்டு: ராய்ஸ் கண் கலங்கிப் பெட்டியை நீட்டுகிறான். இதைச் சுடுதளத்தை நடத்தும் எமெட் கோல்பிடம் படித்துக் காட்டினேன்.

“ராய்ஸ் அழுவானா? போய்யா. முட்ட வந்த காளையே அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போவும்.”

எமெட் சொன்னதில் எனக்கு வேறொரு சந்தேகம் தட்டியது. நான் எழுதிய ராய்ஸை நானே நம்பவில்லை. மனைவியைத் தவறாமல் டாக்டரிடம் கூட்டிப்போகிறவன், அவளுக்குச் சொட்டு மருந்து விடுகிறவன், இரும்பில் விழும் ஒரு கோட்டுக்காக இப்படி முரண்டு பிடிப்பானா? நான் எழுதிய காரணம் பொய். உண்மையான காரணம் அவனிடமே இருக்கிறது. அதனால் அவனை அவன் போக்கில் விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

6

பருவத்தின் கடைசிப் போட்டி. மற்றவர்கள் பரிசளிப்புக்குப் போய்விட்டார்கள். ராய்ஸ் டிரக்கிலிருந்து பெட்டியை எடுத்து வந்து நடீன் முன்னால் வைத்தான்.

“இந்தா. சுடு.”

“நெஜமாவா?”

“சீக்கிரம். மனசு மாறிடும். பாத்து, கோடு கீடு விழுந்துடப் போவுது.”

நடீன் கையைத் துடைத்துக்கொண்டாள். ரிவால்வரை எடுத்தாள். கைக்கு அளந்து செய்ததுபோல் இருந்தது. இடது கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, வெயிலில் சாய்த்து, சிலிண்டரை ஆசை தீரப் பார்த்தாள்.

கோடு இருந்தது.

மயிரிழை அளவு, சுற்றிலும், பழைய கோடு. எப்போதோ ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, பாதிரியாரைத் திட்டிய அதே ராய்ஸ் சுத்தியலைப் பாதி இழுத்து இறக்கி, சிலிண்டரையும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். அத்தனை வருஷமும் பெட்டி மூடியே இருந்தது அதனால்தான். இன்று அவளிடம் கொடுத்தது, இனி அவள் கண்ணுக்கு அது தெரியாது என்கிற தைரியத்தில்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இத்தனை மெல்லிய கோடு இன்னும் தெரிகிறதே என்று அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

“என்ன அப்படிப் பாக்குற?” என்றான் ராய்ஸ். முகம் வெளிறியிருந்தது.

7

இங்கேதான் நிற்கிறேன்.

[“கோடு இருக்கு, ராய்ஸ்.”] அடித்துவிட்டேன். மனைவிக்குக் கண் இன்னும் போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதே வார்த்தையில் அவன் மானமும் போய்விடும்.

[“ஒண்ணுமில்ல. புதுசு மாதிரியே இருக்கு.”] இதையும் அடித்துவிட்டேன். மானம் பிழைக்கும். ஆனால் அந்தக் கோடுகூடத் தெரியாத அளவுக்கு அவள் பார்வை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் உள்ளுக்குள் அழுவான். எமெட் நம்பாவிட்டாலும் சரி.

ஒன்றுக்கு நான் பொறுப்பு. அவள் ஐந்து தோட்டாவைப் போடுவாள், நான்கு க்ளிக்கும் கேட்க முழுதாக இழுப்பாள், ஐந்து முறையும் தகடு ஒலிக்கும். ஆனால் அதற்கு முன்னால் அவள் அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் நீங்கள் எதைச் சொல்லியிருப்பீர்களோ, அதை அவள் வாயில் எழுதிவிடுங்கள். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.